பொழுதுபோக்குக் காசு

உட்காரலாம். அந்த ஓரத்தில் உட்காருங்கள். இதை நகர்த்த முடியாது.

பயப்பட வேண்டாம், பிணம் இல்லை. மெழுகுவர்த்தி. என் வேட்டியில் சுற்றியிருப்பதால் அப்படித் தெரிகிறது. டிக்கெட் பரிசோதகரும் உங்களைப் போலத்தான் ஒரு அடி பின்னால் போனார். என் உயரத்துக்குச் செய்தது. உச்சந்தலைக்குச் சரியாக வரும், நிறுத்திப் பார்த்தாயிற்று. மேலே வைத்தால் சூட்டில் வளைந்துவிடும். கீழே வைத்தால் மிதிப்பார்கள். அதனால் சீட்டில் படுத்திருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் ஓரத்தில்.

எனக்குப் பேசப் பிடிக்காது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? நீங்கள் இதை அப்படிப் பார்த்தால் அது கேட்பதுதான்.

பெயர் பர்னபாஸ் கொரைரா. தூத்துக்குடி. ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டையை எண்ணுகிற வேலை. எண்ணுகிறவனுக்கு ஒழுங்கு வேண்டும். ஒழுங்கு இல்லாதவனை எனக்குப் பிடிக்காது. இந்த ரயிலில் எனக்குப் பிடித்த ஆள் இன்னும் ஏறவில்லை.

நீங்கள் கோவாவில்தானே ஏறினீர்கள்? நானும் அங்கேதான். வரும்போது பஸ்ஸில் வந்தோம். எங்கள் ஊரில் இருந்து பழைய கோவாவுக்கு ஒரு பஸ். சவேரியார் கோயிலுக்கு. எங்கள் கடற்கரை ஆட்களுக்கு அவரை விட்டால் வேறு போக்கு இல்லை, வீட்டுக்கு ஒருவன் அவர் பெயரில் இருப்பான். பஸ்ஸை ஏற்பாடு செய்தவன் என் மச்சினன் தொம்மை. சட்டதிட்டம் எல்லாம் நான். யாருக்காகவும் பஸ் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது. நான்தான் எழுதி டிரைவர் தலைக்கு மேல் ஒட்டினேன். ஒரு கிழவி கழிப்பறைக்குப் போய்விட்டு ஓடி வந்தது. ஓடட்டும். சட்டம் சட்டம்தான்.

இந்த மெழுகுவர்த்தி என் சம்சாரம் பிரகாசியுடையது. நேர்ச்சை. எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். யாருக்காக வேண்டுகிறோமோ அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி செய்து கொண்டுபோய்க் கொடுப்பது. நான் தூங்கும்போது நூல் பிடித்து அளந்திருக்கிறாள். ஒருநாள் முழித்துப் பார்த்தால் காலடியில் நூலோடு நிற்கிறாள். எதற்கு நேர்ந்தாய் என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் பக்தியில் தலையிட மாட்டேன். எனக்கு முட்டிவலி உண்டு. அதற்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோவாவில் ஆற்றுக்குள் கப்பல்கள் நிற்கின்றன. பார்த்திருப்பீர்கள். விளக்கெல்லாம் போட்டு, கல்யாண வீடு மாதிரி. கசினோ.

முகத்தை அப்படி வைக்காதீர்கள். நான் சூதாடுகிறவன் இல்லை. சூதாட்டம் வேறு, பொழுதுபோக்கு வேறு. ஒரு காலத்தில் கிளப்பில் ரம்மி ஆடினேன். அது வேறு கதை. அவள் சங்கிலி ஒன்று அந்தக் கதையில் வரும். விடுங்கள். இந்த ஒரு வருஷமாகக் கிளப் பக்கமே போகவில்லை. கிளப்பில் மராமத்து வேலை நடக்கிறது, அது ஒரு பக்கம். போகவில்லையா இல்லையா, அதுதான் கணக்கு.

எனக்கு முறை உண்டு. எப்போதாவது ஒரு தடவை. அதற்கென்று ஒரு தொகை, சட்டையின் இடது பையில். வலது பையைத் தொடக் கூடாது. யாரிடமும் கடன் கேட்கக் கூடாது. இடது பை காலியானதும் எழுந்துவிட வேண்டும். சினிமாவுக்குப் போகிறோம், டிக்கெட் காசைத் திரும்பக் கொண்டுவருகிறோமா? பொழுதுபோக்குக் காசு வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் அது சூதாட்டம். கசினோ சுவரிலேயே பெரிதாகப் பலகை வைத்திருக்கிறார்கள், பொறுப்புடன் விளையாடவும் என்று. கண்ணாடி போட்டு நின்று படித்த ஒரே ஆள் நான்தான்.

கோவாவில் நாங்கள் தங்கிய இடத்தில் இருந்து பஸ் காலையில் கோயிலுக்குப் புறப்பட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் வாசலில் இருந்து ஊருக்குத் திரும்பும். நான் பிரகாசியிடம் சொன்னேன், நாம் படகில் போவோம். டிக்கெட்டில் சாப்பாடு அடக்கம். ஆற்றில் மேலே போனால் கோயில்தான்.

பொய் இல்லை. ஆற்றில் மேலே போனால் கோயில்தான். வரைபடத்தைப் பாருங்கள்.

"பஸ் கூலி குடுத்தாச்சில்லா, அதுலயே போனா என்ன?" என்றாள்.

"படகுல போனதில்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தியே."

"நான் எப்ப சொன்னேன்? எங்கப்பா படகுக்காரரு."

இருந்தும் வந்தாள். மெழுகுவர்த்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நம் ஊரில் சிலுவைப் பாதைக்குப் போகிற மாதிரி.

கசினோ வாசலில் தகராறு. காவலுக்கு நிற்பவன் இதைப் பார்த்ததும் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். எக்ஸ்ரே மிஷினில் விட்டார்கள். நுழைகிற பக்கம் கால் நீட்டியது, வெளியே வருகிற பக்கம் தலை நீட்டியது. திரும்பவும் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றான். திரி என்றேன். இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றான். பிரகாசி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "இது எங்க வீட்டுக்காரரு. விட்டுட்டு வர முடியாது" என்றாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டான். உள்ளே விட்டான்.

உள்ளே நல்ல குளிர். சாப்பாடு அடுக்கி வைத்திருந்தான். நண்டு, இறால், கேக், எல்லாம். நான் சாப்பிட்டேன். அவள் தொடவில்லை.

"ஒருசந்தி" என்றாள். கோயிலில் மெழுகுவர்த்தியை வைக்கிறவரைக்கும் பச்சைத் தண்ணீர் மட்டும். அதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா? டிக்கெட்டில் சாப்பாடு அடக்கம். ஒரு ஆள் சாப்பாடு வீண்.

சாப்பாடு போனால் போகிறது, விளையாட்டாவது வீணாகக் கூடாது என்று அவளுக்கும் ஒரு பங்கு சில்லு வாங்கிக் கையில் கொடுத்தேன். ரூபாய்க்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சில்லு கொடுப்பார்கள். வட்டமாக இருக்கும். அதை வைத்துத்தான் ஆட வேண்டும்.

சக்கர மேஜைக்குப் போனோம். ஒரு சக்கரம், அதில் ஒரு குண்டு ஓடும். மேஜையில் கட்டம் போட்டு எண் எழுதியிருக்கும். எந்த எண்ணில் சில்லை வைத்தீர்களோ அதில் குண்டு விழுந்தால் உங்களுக்கு. சக்கரத்தைச் சுற்றுவது ஒரு மணிப்பூர்ப் பிள்ளை, கழுத்தில் போ டை கட்டிக்கொண்டு. பக்கத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிரிலும்.

என் பங்கு நல்லபடியாகப் போய்விட்டது. சிகரெட் பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இடது பை காலி. மனசுக்குத் திருப்தி. எழுந்தேன்.

"உன்னதை முடி, போவோம்" என்றேன்.

"எங்க வைக்க?"

"எங்கயாவது வை."

அவள் மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் யாருமே வைக்கவில்லை. "பாவம், இது ஒத்தையில கெடக்கு" என்று அதில் வைத்தாள். குண்டு அதில் போய் விழுந்தது.

அந்தப் பிள்ளை சில்லைக் குவித்துத் தள்ளியது. "கங்கிராட்ஸ், ஆன்ட்டி" என்றது.

"இது என்னத்துக்கு?" என்றாள் இவள்.

"உனக்குத்தான். மறுபடி வை. தீரணும்."

"போதும், வாங்க. படகு எப்ப பொறப்படும்?"

"காசு தீந்ததும் பொறப்படும்" என்றேன். ஒரு வகையில் உண்மைதான்.

அங்கேதான் சார், கஷ்டம் ஆரம்பித்தது. எனக்கு மட்டும். தோற்கிறது எவ்வளவு சுலபம் என்று கிளப்பில் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். இவளுக்கு அது வரவில்லை. சிவப்பில் வை என்றேன். சிவப்பில் விழுந்தது. கறுப்புக்கு மாற்று என்றேன். குண்டு அவளுக்காகக் காத்திருந்த மாதிரி கறுப்புக்கு வந்தது. இடையில் ஒரு தடவை தோற்றாள். "அப்படித்தான், அப்படித்தான்" என்று தோளில் தட்டிக்கொடுத்தேன். அடுத்த சுற்றில் அதையும் திரும்ப வாங்கிவிட்டாள். வேண்டுமென்று செய்கிற மாதிரி இருந்தது.

திருப்பூர்க்காரர் எங்கள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மிணி, அடுத்தது எதுங்க வெக்கறீங்க?"

"யாரும் வைக்காததுல வைக்கேன்."

"எதுக்குங்க அப்படி?"

"பாவமா இருக்கு."

அவரும் பாவம் பார்க்க ஆரம்பித்தார். அவரோடு நாலைந்து பேர். எல்லோரும் அந்த ஒரு கட்டத்தில் போய்க் குவிந்தார்கள். உடனே இவள் தன் சில்லை எடுத்துப் பக்கத்தில் தனியாகக் கிடந்ததில் வைத்தாள். அதில்தான் விழுந்தது. திருப்பூர்க்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்னங்க இது, துணைக்கு வந்தா ஓடிப் போறீங்க!" என்றார்.

மெழுகுவர்த்தி அவள் தோளில் சாய்ந்து நின்றது. ஒருவன் வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் வேறு மேஜையில் உட்கார்ந்தான். பின்னாலேயே இன்னொருவன். வரிசை சேர்ந்துவிட்டது. கோட்டுப் போட்ட மேனேஜர் வந்தார். மெழுகுவர்த்தியை இன்னொரு தடவை எக்ஸ்ரேக்குக் கேட்டார். அதற்குள் ஏதோ கருவி இருக்கிறதாம். "முட்டிவலி இருக்கிறது, அவ்வளவுதான்" என்றேன்.

நான் மணியைப் பார்த்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, படகு நவுரவே மாட்டேங்கு" என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே பாலத்தைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நகராது. நங்கூரம் போட்டிருக்கான்."

"கோயிலுக்குப் போவும்னு சொன்னிய?"

"ஆத்துல மேல போனா கோயில்னுதான் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜையை, சில்லை, சக்கரத்தை. அதுவரைக்கும் அவள் அதைக் கோயில் பஜாரில் வளையம் எறிகிற கடை மாதிரி நினைத்திருக்கிறாள்.

"இது சூதா?"

"பொழுதுபோக்கு."

"வாங்க போவோம். பஸ் போயிரும். கோயில அடைச்சிருவாவ."

"தீரட்டும். பொழுதுபோக்குக் காசு வீட்டுக்கு வரக் கூடாது. முறைன்னா முறை."

நீங்கள் சொல்லுங்கள். அப்போது எழுந்து வந்திருந்தால் நான் யார்? ஜெயித்த காசைக் கட்டிக்கொண்டு போகிறவன். சூதாடி. அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

மொத்தத்தையும் ஒரே எண்ணில் வைத்துத் தொலைத்துவிடு என்றேன். சக்கரப் பிள்ளை விடவில்லை. ஒரு கட்டத்தில் அவ்வளவு வைக்கக் கூடாதாம், உச்சவரம்பு இருக்கிறதாம். பாருங்கள் அநியாயத்தை. தோற்க வருகிறவனுக்குக்கூட வரம்பு. சுவரில் பலகை வைத்தால் போதுமா, பொறுப்பு வேண்டாமா?

சரி, வரம்பு வரைக்கும் வை என்றேன். முப்பத்தாறு எண்ணுக்கும் வெளியே, சேராமல், பச்சையாக ஒரு பூஜ்யம் இருக்கிறது. அதைக் காட்டினேன். அதில் விழவே விழாது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். மேஜையை அவள் பார்க்கவில்லை. குண்டு ஓடியது, குதித்தது, உட்கார்ந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் மேல்தளத்தில் பாடிக்கொண்டிருந்தவன் பாட்டை நிறுத்திவிட்டான். திருப்பூர்க்காரர் இவள் காலில் விழுந்தார். பெரிய மனுஷன், வெள்ளைச் சட்டை.

எவ்வளவு என்று கேட்காதீர்கள். ரயிலில் சொல்லக் கூடாது.

அவள் எழுந்தாள். முந்தானையில் சில்லை அள்ளிப் போட்டாள். ஒரு கையில் முந்தானை, ஒரு கையில் மெழுகுவர்த்தி. "இன்னும் தீரல" என்றேன். கவுண்டரில் கொட்டிக் காசாக்கினாள். கரைக்கு வருகிற சின்னப் படகில் ஏறினாள். நான் பின்னால் ஓடினேன். முட்டிவலியோடு.

டாக்சியில் போகும்போது தொம்மையிடம் இருந்து போன்.

"அத்தான், எங்க இருக்கிய?"

"வந்துகிட்டே இருக்கோம். நில்லு."

"பத்து நிமிஷம் நின்னாச்சு அத்தான். சட்டம் போட்டிருக்கியள்லா? எல்லாரும் அதையே காட்டுதாவ. அந்தக் கிழவி, ஓடி வந்துச்சே, அதுதான் முதல்ல காட்டுச்சு."

"எடுத்துட்டுப் போ" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் செய்தது சரி. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகச் செய்திருக்கிறான்.

போய்ச் சேர்ந்தால் பஸ் இல்லை. கோயில் கதவு சாத்தியிருந்தது. படியில் ஒரு நாய் படுத்திருந்தது. பிரகாசி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர். மடியில் மெழுகுவர்த்தி.

"நாளைக்கு வச்சிரலாம். முட்டிவலி ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிராது" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"முட்டிவலியா?"

"பின்னே?"

அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

"நீங்க சூதாட்டத்த விட்டா உங்க உசரத்துக்கு மெழுகுதிரி கொண்டாறேன்னு நேந்தேன். சங்கிலி போன அன்னைக்கு நேந்தது. ஒரு வருசமா கிளப்புக்குப் போவல்லா, விட்டுட்டியன்னு நம்பித்தான் செய்யச் சொன்னேன்."

"விட்டுட்டேனே" என்றேன்.

அவள் நாயைத் தடவிக்கொடுத்தாள்.

"இது சூதாட்டம் இல்ல பிரகாசி. சூதாடுறவன் ஜெயிக்கப் பார்ப்பான். நான் அவ்வளவு நேரமும் தோக்கத்தானே பார்த்தேன்? உன்னால நடக்கல. அதுக்கு நான் என்ன செய்ய?"

நியாயம்தானே? நீங்களே சொல்லுங்கள். சரி, சொல்ல வேண்டாம்.

அவள் எழுந்து மெழுகுவர்த்தியை என் தோளில் சாய்த்தாள். "இத இப்ப ஏத்தினா பொய்யாயிரும். ஊருக்குத் தூக்கிட்டுப் போங்க. நெசமா விட்ட பொறவு கொண்டாங்க" என்றாள்.

"நீ?"

"நான் இங்க இருக்கேன்."

"எதுக்கு?"

"இந்தக் காசு வீட்டுக்கு வரக் கூடாதுல்லா? தீந்த பொறவு வாறேன். முறைன்னா முறை."

கோயிலுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு விடுதி. அங்கே அறை எடுத்தாள். முதல் வேலையாகச் சாப்பிட உட்கார்ந்தாள். எனக்கு அன்று ராத்திரி ரயிலுக்கே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் காசில் இல்லை, என் வலது பையில் இருந்து.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போன் செய்தேன். பூசைக்குப் போனாளாம். கடற்கரைக்குப் போனாளாம். ஒரு தொப்பி வாங்கினாளாம். தொப்பி! கல்யாணத்தில் இருந்து தலையில் முந்தானை தவிர வேறொன்றைப் பார்த்ததில்லை நான்.

"எவ்வளவு மிச்சம்?" என்றேன்.

"இன்னும் அதுல கை வைக்கவே இல்ல. தொப்பிக்காரன் முதல்ல ஒரு வெல சொன்னான், பாதிக்குக் கேட்டேன். கால்வாசிக்கே குடுத்துட்டான்."

அவளைத் தெரியாது உங்களுக்கு. கொத்தமல்லிக்குக் கறிவேப்பிலை இனாமாகக் கேட்டு, அது வந்த பிறகு கொத்தமல்லிக்கு விலை பேசுகிறவள். விடுதியில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு வாடகை, அதிலும் கன்னியாஸ்திரிகளுக்கு மீன் ஆய்ந்து கொடுத்துக் குறைத்துக்கொண்டாளாம். அவள் கையில் அந்தக் காசு எப்போது தீர்வது? நான் எண்ணுகிறவன். எண்ணிப் பார்த்துவிட்டேன். நினைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீட்டில் அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"கசினோவுக்கே போய் ஒரே நாளில் தீர்த்துவிட்டு வா" என்றும் சொல்லிப் பார்த்தேன். போனை வைத்துவிட்டாள்.

அவளுக்குப் பொறுப்பு இல்லை, சார். காசையும் ஒரு இடத்தையும் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். எழுந்திருக்கத் தெரிய வேண்டும். அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நான் விடத்தான் போகிறேன். விட்டதை விடுவது எப்படி என்றுதான் தெரியவில்லை. விட்டுவிட்டுக் கொண்டுபோய் ஏற்றினால் அவள் வந்துவிடுவாள். காசு தீராவிட்டாலும் வருவாள், எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு மனசு உண்டு. அதனால்தான் இதை இப்படிப் பார்த்துக்கொள்கிறேன். வளையக் கூடாது. வளைந்த மெழுகுவர்த்தியை எந்தக் கோயிலில் வைப்பது?

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? ஷொர்ணூரா? நேரம் இருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருந்தால் பொழுது போகாது. என் பையில் சீட்டுக் கட்டு இருக்கிறது. ரம்மி தெரியுமா? தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. காசு வைக்காமல் ஆடக் கூடாது. காசு வைக்காதவனுக்குப் பொறுப்பு வராது, இஷ்டத்துக்குச் சீட்டைக் கழிப்பான். சின்னதாக வைப்போம். உங்கள் இடது பையில் எவ்வளவு இருக்கிறது? அது மட்டும். வலது பையைத் தொட வேண்டாம்.

நடுவில் சீட்டுப் போட இடம் இல்லையே. இருங்கள். தலைப் பக்கம் பிடியுங்கள், நான் கால் பக்கம் பிடிக்கிறேன். மேலே, அந்தப் பலகையில்.

ஆமாம், சூடுதான். ஷொர்ணூர் வரைக்கும்தானே. அதற்குள் என்ன வளைந்துவிடப் போகிறது?

ம், சீட்டை வெட்டுங்கள்.